பெடல் சென்சரும் திருகோணமலை உப்புக்காற்றும்

மோட்டர் பூட்டிய சைக்கிளில் பெடல் உதவி, அதாவது மிதிக்கும்போது மோட்டர் தரும் இழுவை, நின்றால் எல்லோரும் கிறாங் (பெடல் தண்டு) அச்சருகே மிதி சுற்றுவதை உணரும் சென்சரைத்தான் மாற்றுகிறார்கள். பாதிப் பழி அதற்குச் சேராதது.

பின்சில்லைத் தூக்கி வைத்து, திரையில் உதவி அளவு 0இல் இல்லையென்று பார்த்துவிட்டு, எக்சிலேட்டரைத் திருப்புங்கள். மோட்டர் சுற்றினால் பற்றரி, கொன்ரோலர் (மோட்டரைக் கட்டுப்படுத்தும் பெட்டி), பிறேக் சுவிச் எல்லாம் சரி. சுற்றாவிட்டால் பிறேக் சுவிச் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பிறேக் பிடி முழுதாகத் திரும்பி வராதபோது கொன்ரோலர் மோட்டரை விடாது.

பெடலுக்கு மட்டும் இழுவை இல்லையா? அப்போ சென்சரின் பிளக்கைப் பாருங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஓடும் வண்டிகளில் மாரி முடியக் கழற்றினால் பின்னில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். கொன்ரக்ற் கிளீனரால் துடைத்து, சிலிக்கன் கிறீஸ் துளி வைத்து, அம்புக்குறி இரண்டும் நேரே வர அழுத்துங்கள். திருகினால் பின் வளையும். பிளக்குக்கு முன்னே வயரைக் கொஞ்சம் தொய்யவிட்டுக் கட்டினால் மழைத்தண்ணி அந்தத் தொய்விலேயே சொட்டிப் போய்விடும்.

அதிலும் சரிவராவிட்டால் மல்ரிமீற்றர். கொன்ரோலர் பக்கப் பிளக்கில் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 5 வோல்ற்றளவு வரவேண்டும். பிறகு மூன்று மெல்லிய வயரால் இரு பக்கத்தையும் இணைத்து, கிறாங்கை மெதுவாகச் சுற்றிக்கொண்டு மூன்றாவதான சிக்னல் வயரைப் பாருங்கள். 0க்கும் 5க்கும் தாவினால் சென்சர் உயிரோடிருக்கிறது. சிவப்பும் கறுப்பும் முட்டிவிடக் கூடாது. கொன்ரோலரின் 5 வோல்ற் போனால் எக்சிலேட்டரும் சேர்ந்து போகும்.

தாவாவிட்டாலும் உடனே எறியவேண்டாம். கிறாங் அச்சோடு சுற்றும் காந்தத் தட்டுக்கும் சென்சருக்கும் 2 முதல் 3 மில்லிமீற்றர் இடைவெளி போதும். பழைய வங்கி அட்டை மூன்றை அடுக்கினால் ஏறக்குறைய 2.3, அதை நுழைத்தே அளக்கலாம். கொட்டர் பின் (கிறாங்கை அச்சோடு இறுக்கும் ஆப்பு) போட்ட பழைய சைக்கிள்தான் தலையிடி: அச்சு உருண்டை, பற்களில்லை, தட்டு வழுக்கும். கிறாங் சுற்றும், தட்டு நிற்கும். பழைய ரியூப் துண்டை அச்சில் சுற்றி அதன்மேல் இறுக்கினால் நிற்கும். மெதுவாக மிதிக்கையில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் இழுவை அறுந்தால் காந்தங்களை எண்ணுங்கள், 12இல் ஒன்று கழன்றிருக்கும். பின்னோக்கி மிதிக்க மோட்டர் ஓடினால் தட்டு புறம் மாறியிருக்கிறது, அல்லது இடப்பக்கச் சென்சரை வலப்பக்கம் பூட்டியிருக்கிறார்கள்.

எஸ்866 மாதிரித் திரையென்றால் அதன் அமைப்புகளில் பி13 என்ற எண்ணில் காந்த எண்ணிக்கையைச் சரிபாருங்கள்.

ஒன்று, இந்தச் சென்சருக்கு மிதியின் பலம் தெரியாது, சுற்றுவது மட்டுந்தான் தெரியும். கோணேசர் கோயில் ஏற்றத்தில் நின்று புறப்படும்போது பிந்தித்தான் உதவும். அங்கே எக்சிலேட்டரால் கிளப்பிவிட்டுப் பிறகு மிதியுங்கள்.