பேருந்துக்குத் தனித்தடம்: ஓரத்திலா, நடுவிலா?

பேருந்துக்குத் தனித்தடம் ஒதுக்கலாம் என்று முடிவானதும் அடுத்த சண்டை, அதை நடைபாதையை ஒட்டிப் போடுவதா, சாலையின் நடுவில் போடுவதா என்பதுதான். வாதமெல்லாம் பேருந்தின் வேகத்தைச் சுற்றியே நடக்கும். இறங்கிய பயணி எங்கே சாலையைக் கடப்பார் என்பது கடைசியில் நினைவுக்கு வரும். முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். (இடப்பக்கம் வண்டி ஓட்டும் நாடுகளை வைத்துச் சொல்கிறோம்.)

ஓரத் தடம் மலிவு. 3.5 மீட்டர் அகலம், கெட்டிக் கோடு, அறிவிப்புப் பலகை, கேமரா; வேலை முடிந்தது. இருக்கும் நிறுத்தங்களும் இடப்பக்கக் கதவுள்ள பேருந்துகளும் அப்படியே போதும். 20 மீட்டர் சாலையிலும் இது அடங்கும்: பேருந்துக்கு 7, மற்ற வண்டிகளுக்கு 6.5, இருபுற நடைபாதைக்கு 5. மிச்சம் ஒன்றரை மீட்டர் நடுத்திட்டுக்கு.

ஆனால் சாலை ஓரம் பலருக்கும் வேண்டிய இடம். சரக்கு இறக்கும் லாரி, சவாரிக்குக் காத்திருக்கும் ஆட்டோ, வளாகங்களின் கேட், இடப்பக்கம் திரும்பும் கார், மழைநீர் தேங்கும் வடிகால் மூடி எல்லாம் அங்கேதான். ஒரே ஒரு வண்டி நின்றாலும் பேருந்து வெளியே வந்து, தாண்டி, மறுபடி உள்ளே நுழைய வேண்டும். அப்படி ஒடித்து நுழையும்போதுதான் இருசக்கர வண்டிக்காரர் மாட்டிக்கொள்கிறார். சரக்கு இறக்கப் பக்கத்துத் தெருவில் இடமும் நேரமும் ஒதுக்காமல் அபராதம் மட்டும் போட்டால் ஒரு மாதம்கூடத் தாங்காது. நிறுத்தத்துக்காக நடைபாதையைக் குடைந்து பள்ளம் எடுப்பதும் தப்பு; உள்ளே போன பேருந்து வெளியே வர வழி கிடைக்காமல் நிற்கும். நடைபாதையைத் தடம்வரை நீட்டிவிட்டால் பேருந்து நேராக நின்று நேராகப் போகும்.

நடுத் தடத்துக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. பிரேசிலின் குரிச்சிபா 1974இல் தொடங்கிய வழி இது. 2000இல் திறந்த, கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவின் டிரான்ஸ்மிலேனியோ பேருந்துச் சேவை, நிலையங்களில் முந்திச் செல்லும் தடமும் சேர்த்ததால் ஒரு திசையில் மணிக்கு 40,000 பேருக்கு மேல் ஏற்றிச் செல்ல முடிந்தது. பேருந்துத் தளத்தின் உயரத்துக்கே நடைமேடை, ஏறுமுன்பே டிக்கெட், அகலமான கதவுகள் ஆகியவை சேர்ந்தால்தான் முழுப் பலன். ஒரே கதவில் ஆளுக்கு மூன்று நொடி ஆனால் 20 பேர் ஏற ஒரு நிமிடம் போய்விடும். மூன்று கதவில் அது 20 நொடி.

விலை அகலத்தில் இருக்கிறது: முந்தும் தடம் இல்லாமலேயே 28, 30 மீட்டர் வேண்டும். இரு திசைக்கும் பொதுவான நடு நிலையம் என்றால் கதவு வலப்பக்கம் வேண்டும். சாதாரணப் பேருந்து அங்கே பயன்படாது. பெரிய ஆபத்து வலத்திருப்பம். தடத்தைக் குறுக்கே வெட்டித் திரும்பும் காருக்குப் பின்னால் வரும் பேருந்து தெரியாது. அதற்குத் தனி சிக்னல் கொடுக்க வேண்டும், அல்லது திருப்பத்தையே மூடி யூ டர்னுக்கு அனுப்ப வேண்டும். தனி சிக்னல்கள் பெருகினால் சிக்னலின் முழுச் சுற்று நீளும், பேருந்தே காத்துக் கிடக்கும்.

டெல்லியில் 2008இல் அம்பேத்கர் நகர்–மூல்சந்த் இடையே 5.8 கி.மீ. திறந்த தடம் இப்படித்தான் திணறியது. எல்லாப் பேருந்தையும் உள்ளே விட்டார்கள். நிறுத்தங்களோ சந்திப்பை ஒட்டியே இருந்தன. சிவப்பு விளக்கில் வரிசை நீண்டது, மற்ற வண்டிகளும் உள்ளே புகுந்தன. 2016இல் பிரித்தெடுத்துவிட்டார்கள். 2009இல் வந்த அகமதாபாத்தின் நடுத் தடப் பேருந்துச் சேவையான ஜன்மார்க், தனக்கென்று பேருந்துகளும் மூடிய நிலையங்களும் வைத்துக்கொண்டது. டெல்லியில் தோற்றது நடுத் தடம் என்ற யோசனை அல்ல என்பது எங்கள் கருத்து.

இனி கடக்கும் வழி. நடு நிலையத்துக்குப் போகிறவர் பாதிச் சாலையைத்தான் கடக்கிறார், ஆனால் எல்லோரும் கடந்தே ஆக வேண்டும். நடைமேம்பாலம் கட்டினால் 40 படிக்கு மேல் ஏற வேண்டும்; பேருந்து வருவதைப் பார்த்தவர் வேலியைத்தான் தாண்டுவார். தரையிலேயே சிக்னலோடு கடக்கவிடுவதே சரி. 7 மீட்டரை நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் 6 நொடியில் கடப்பார், 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கு 9 நொடி. கணக்கை இரண்டாமவருக்குப் போட வேண்டும். இடையில் நிற்கக் குறைந்தது 2 மீட்டர் திட்டு வேண்டும், சக்கர நாற்காலி திரும்பும்படி. ஓரத் தடத்தில் வீடு திரும்பும் பயணி முழுச் சாலையையும் கடக்கிறார், அதுவும் நின்ற பேருந்துக்கு முன்னால் புகுந்து. அங்கே நிறுத்தத்தைச் சந்திப்பைத் தாண்டி வைத்தால் பேருந்தின் பின்பக்கமாகக் கடப்பார்கள், பார்வை மறையாது.

சாலை அகலம் 25 மீட்டருக்குக் கீழ், கேட்கள் குறைவு என்றால் ஓரத் தடம். 30 மீட்டருக்கு மேல், நிமிடத்துக்கு ஒரு பேருந்தாவது ஓடும் என்றால் நடுத் தடம். பேருந்துக்கு 60 பேர் என்றால் அது மணிக்கு 3,600 பேர். அதே அகலத்தில் 800 கார் போனாலும், காருக்கு ஒன்றரை ஆள் வீதம் 1,200தான். இருபது நிமிடத்துக்கு ஒரு பேருந்து என்றால் எந்தத் தடம் போட்டாலும் காலியாகக் கிடக்கும். காலியாகக் கிடந்தால் கார் நுழையும்.