எங்கள் மண்டபத்து வெப்சைட்டும் மாதாமாதம் வரும் ரிப்போர்ட்டும்

மயிலாடுதுறையில் முதியோர் இல்லம் நடத்தும் நண்பர் போன வாரம் போனில் கேட்டார். "உங்க மண்டபத்துக்கு வெப்சைட், கூகுள் விளம்பரம் எல்லாம் ஒரு ஏஜென்சிகிட்ட விட்டீங்களே, எப்படிப் போகுது? நாங்களும் விடலாமா?" பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன். புதுப்பிக்கச் சொல்லி ஏஜென்சி பில்லும் இந்த வாரம்தான் வந்திருக்கிறது, தொகையும் ஏறியிருக்கிறது. அதனால் கொஞ்சம் சூடாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது கும்பகோணத்தில் ஒரு சங்கத்துக் கல்யாண மண்டபம். மேலே ஏசி ஹால், கீழே பந்தி. வாடகையில் வருவதை வைத்துத்தான் சங்கத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை கொடுக்கிறோம். முன்பெல்லாம் மேப்பில் நம் இடத்தைப் பதிந்து வைக்கும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலோடு இலவசமாகக் கிடைத்த ஒரு பக்கத் தளம்தான் எங்கள் வெப்சைட். 2024 மார்ச்சில் கூகுள் அந்தச் சேவையையே உலகம் முழுக்க நிறுத்தியது. இலவசமாகக் கிடைத்ததற்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ரசீதுப் புத்தகம், விசிட்டிங் கார்டு, வாசல் பலகை எல்லாவற்றிலும் அந்த முகவரியை அச்சடித்திருந்தோம். அப்போதுதான் கமிட்டி கூடி ஏஜென்சியைப் பிடித்தது. வேர்ட்பிரஸ் தளம், ஹோஸ்டிங், எஸ்இஓ (தேடலில் தளத்தை முன்னே கொண்டுவரும் வேலை), விளம்பர நிர்வாகம், மாதாந்திர ரிப்போர்ட் எல்லாம் சேர்ந்த பேக்கேஜ். விளம்பரத்துக்கான தொகை தனி. 18 சதவீத ஜிஎஸ்டி அதற்கும் மேலே.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துவிடும்.

தளம் நன்றாகத்தான் இருக்கிறது. போனில் சட்டென்று திறக்கிறது. காலியாக இருக்கும் முகூர்த்தத் தேதிகளை ஒரு பக்கத்தில் காட்டுகிறது. தேதி நிரம்பியதும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினால் போதும், ஏஜென்சியில் இருக்கும் தம்பி அன்றிரவே மாற்றிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அனுப்பியும் மாற்றியிருக்கிறார். தளத்தின் முகவரியான டொமைனைச் சங்கத்தின் பெயரிலேயே பதிய வேண்டும் என்று எங்கள் பொருளாளர் ஒற்றைக் காலில் நின்றார். மறுபேச்சு இல்லாமல் செய்து கொடுத்தார்கள். இது சின்ன விஷயமில்லை. டொமைன் ஏஜென்சியின் பெயரில் இருந்தால், நாளைக்கு மனஸ்தாபம் வரும்போது முகவரியே கையை விட்டுப் போய்விடும்.

நாங்கள் எதிர்பார்க்காமல் பலித்தது இன்னொன்று. மண்டபத்துக்குப் போன் செய்கிறவர்கள் முதலில் வாடகையைத்தான் கேட்பார்கள் என்று நினைப்பீர்கள். இல்லை. டைனிங் ஹால் கீழேயா மாடியிலா, ஒரு பந்திக்கு எத்தனை பேர், லிஃப்ட் உண்டா, மணமகள் அறையில் வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா, ஜெனரேட்டர் டீசல் யார் கணக்கு, பாத்திரம் உங்களுடையதா, அசைவம் சமைக்க விடுவீர்களா. இதெல்லாம் எங்கள் மேனேஜருக்குத் தூக்கத்தில் எழுப்பினாலும் தெரியும், ஆனால் எங்கேயும் எழுதி வைத்ததில்லை. அவரை உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டு, தமிழில் கேள்வி பதிலாகப் போட்டோம். இன்றைக்குத் தளத்தில் அதிகம் பேர் பார்க்கிற பக்கம் அதுதான். வெட்டி அழைப்புகள் குறைந்துவிட்டன. இப்போது கூப்பிடுகிறவர்கள் தேதியோடுதான் கூப்பிடுகிறார்கள்.

அதற்கும் ஒரு போராட்டம் நடந்தது. மண்டப நிபந்தனைகளை எங்கள் டிடிபி கடைக்காரர் பழைய வானவில் எழுத்துருவில் வைத்திருந்தார். அதை அப்படியே ஒட்டினால் தளத்தில் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொட்டியது. ஏஜென்சியில் சுலபமாக ஒரு வேலை பார்த்தார்கள்: பக்கத்தைப் படமாக எடுத்து மேலே ஏற்றிவிட்டார்கள். பார்ப்பவர் கண்ணுக்குத் தமிழாகத்தான் தெரியும். ஆனால் படத்துக்குள் கிடக்கும் எழுத்தைத் தேடுபொறி கண்டுபிடித்துக் காட்டும் என்று நம்பியிருக்க முடியாது. போனில் பெரிதாக்கிப் படித்தாலும் மங்கிப்போகும். எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் திரும்ப அடிக்க வேண்டும் என்று நாங்களேதான் கண்டுபிடித்துச் சொன்னோம், அடித்துக் கொடுத்ததும் சங்கத்துப் பிள்ளை ஒருவன்தான். தமிழ்நாட்டு அரசே 2010-ல் யூனிகோடை ஏற்றாகிவிட்டது. தமிழ்நாட்டில் தொழில் செய்யும் வெப் டிசைனருக்கு இதைச் சங்கத்தார் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். என் ரத்த அழுத்தத்துக்குக் காரணம் அதுதான்.

ஒவ்வொரு மாதம் ஐந்தாம் தேதி வாக்கில் ஒரு பிடிஎஃப் வரும். முதல் பக்கத்தில் எங்கள் கோபுரப் படம், அடுத்த பக்கங்களில் பச்சை அம்புக்குறிகள். 'கீவேர்ட் ரேங்கிங்' என்று ஒரு அட்டவணை, எந்தச் சொல்லைத் தேடினால் நாங்கள் எத்தனையாவதாக வருகிறோம் என்று. எல்லாவற்றிலும் ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று. என்ன கீவேர்ட் என்று பார்த்தால், எங்கள் மண்டபத்தின் முழுப்பெயர். அடுத்தது மண்டபத்தின் முழுப்பெயரோடு தெருப்பெயர். அதற்கடுத்தது அதோடு கும்பகோணம். எங்கள் பெயரைத் தேடினால் நாங்கள் வராமல் பக்கத்துத் தெரு மளிகைக்கடையா வரும்? பள்ளிக்கூட ப்ராக்ரஸ் கார்டைப் பையனே எழுதி, அப்பா கையெழுத்தையும் அவனே போட்ட மாதிரி இருக்கிறது.

'மேரேஜ் ஹால் நியர் மீ' என்பதிலும் ஒருமுறை முதலிடம் என்று போட்டிருந்தார்கள். எங்கே நின்று பார்த்தீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. வரைபடத் தேடலில் மூன்று விஷயங்களைப் பார்ப்பதாகக் கூகுளே சொல்லியிருக்கிறது: தேடியதற்கு எவ்வளவு பொருத்தம், எவ்வளவு தூரம், எவ்வளவு பிரபலம். மகாமகக் குளத்தங்கரையில் நின்று தேடினால் ஒரு வரிசை வரும், தாராசுரத்தில் நின்று தேடினால் வேறு வரிசை வரும். அப்படியிருக்க 'முதலிடம்' என்று ஒற்றை எண்ணை அச்சடித்துக் கொடுப்பதில் என்ன பொருள்? காசு கொடுத்து அந்த வரிசையில் முன்னே போக முடியாது என்றும் கூகுள் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. யாராவது அதற்கு உத்தரவாதம் தருகிறேன் என்றால் அவரிடம் காபி மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இதைவிடப் பெரிய கூத்து விளம்பரத்தில் நடந்தது. 2025 ஏப்ரல் ரிப்போர்ட்டில் அம்புக்குறி விண்ணைத் தொட்டது. கிளிக் எகிறியிருக்கிறது, 'அருமையான வளர்ச்சி' என்று ஒரு வரி வேறு. ஆனால் மேனேஜரின் பதிவேட்டில் அந்த மாதம் விசாரணை வழக்கம்போலத்தான். சந்தேகப்பட்டு, விளம்பரக் கணக்கைப் பார்க்க மட்டுமாவது எனக்கு அனுமதி கொடுங்கள் என்று விடாமல் கேட்டு வாங்கினேன். அதில் 'சர்ச் டெர்ம்ஸ்' என்று ஒரு பகுதி உண்டு. மக்கள் உண்மையில் என்ன தட்டச்சு செய்தபோது நம் விளம்பரத்தை அழுத்தினார்கள் என்று அங்கே தெரியும். திறந்து பார்த்தால்: மண்டபம் டு ராமேஸ்வரம் டிரெயின், மண்டபம் பீச், மண்டபம் பாம்பன் பாலம், ஆயிரங்கால் மண்டபம். ஏப்ரல் 6-ம் தேதி புதிய பாம்பன் பாலத்தைத் திறந்தார்கள் இல்லையா, அதைப் பார்க்கக் கிளம்பிய சனமெல்லாம் எங்கள் செலவில் எங்கள் பந்தி ஹாலைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்று ஓர் ஊர் இருப்பது ஏஜென்சிக்குத் தோன்றவே இல்லை. அங்கே இலங்கை அகதிகள் தங்கும் 'மண்டபம் முகாம்' என்று தேடியவர்களுக்கும் 'ஏசி ஹால், தடையில்லாத் தண்ணீர்' என்று எங்கள் விளம்பரம் போயிருக்கிறது. அதைப் படித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

நியாயமாகச் சொன்னால், தமிழ்நாடு முழுக்க விளம்பரம் காட்டச் சொன்னது நாங்கள்தான். அதில் தப்பும் இல்லை; சென்னையிலும் கோவையிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள்தான் இங்கே அப்பா அம்மாவுக்காக மண்டபம் தேடுகிறார்கள். கோளாறு கீவேர்டை வைத்த விதத்தில். மேற்கோள் குறியோ சதுர அடைப்புக்குறியோ இல்லாமல் வெறுமனே ஒரு சொல்லைப் போட்டால், கூகுள் விளம்பரத்தில் அது 'பிராட் மேட்ச்'. கொஞ்சம் தொடர்பிருந்தாலும் காட்டிவிடும். இவர்கள் 'மண்டபம்' என்று ஒற்றைச் சொல்லைப் போட்டு வைத்திருந்தார்கள். ராமேஸ்வரம், பாம்பன், டிரெயின், பீச், ஆயிரங்கால் போன்றவற்றை, 'இதைத் தேடினால் காட்டாதே' என்று சொல்லும் 'நெகட்டிவ் கீவேர்ட்' பட்டியலில் சேர்ப்பது ஒரு காபி நேரத்து வேலை. சொன்ன அன்றே செய்தார்கள். அடுத்த மாதம் கிளிக் இறங்கியது, விசாரணைகள் அப்படியே இருந்தன, செலவு குறைந்தது. அந்த மாத ரிப்போர்ட்டில் அம்பு சிவப்பு! 'பட்ஜெட்டை உயர்த்தப் பரிந்துரைக்கிறோம்' என்று கீழே குறிப்பு.

மார்கழியிலும் இதே பரிந்துரைதான். மார்கழியில் கல்யாணம் கிடையாது, அதனால் பார்வையும் குறைவு என்று யார் போய்ச் சொல்வது? ஆடி வேறு மாதிரி. ஆடியில் கல்யாணம் நடக்காதே தவிர ஆவணிக்கும் தைக்கும் தேடுவது அப்போதுதான். ஆகவே ஆடியில் செலவழிக்கலாம், மார்கழி முதல் பாதியில் நிறுத்தி வைக்கலாம். இந்தக் கணக்கு பஞ்சாங்கம் பார்க்கிற எவருக்கும் தெரியும். ஏஜென்சி வருடம் முழுக்க ஒரே தினத்தொகை வைத்திருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேனேஜர் போனை எடுக்கும்போதே "எங்களை எப்படித் தெரியும்?" என்று கேட்டுக் குறித்து வைக்கிறார். பெரும்பாலோர் சொல்வது "மேப்ல பார்த்தோம்". அந்த மேப் பதிவு இலவசம். அங்கே வேலை செய்வது, கல்யாணத்துக்கு வந்தவர்கள் அவர்களாகவே ஏற்றிய படங்கள்: பந்தி நடக்கும் படம், வண்டிகள் நிற்கும் படம், யாரோ ஒரு புண்ணியவான் எடுத்த சுத்தமான கழிப்பறைப் படம். தளத்துக்கென்று போட்டோகிராஃபரை வைத்து எடுத்த ட்ரோன் காட்சியை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பிரியாணி போட விடவில்லை என்று ஒருவர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். அதற்குக் கீழே மேனேஜர் மரியாதையாக எழுதிய பதிலைப் படித்துவிட்டு, சைவக்காரர்கள் சிலர் அதனாலேயே வந்தார்கள். மேப்பில் மண்டபத்தின் பெயரோடு 'பெஸ்ட் ஏசி மேரேஜ் ஹால்' என்று ஒட்டிவிடலாம் என்று ஏஜென்சி யோசனை சொன்னது. பலகையில் என்ன பெயரோ அதுதான் பதிவிலும் இருக்க வேண்டும் என்பது விதி, மீறினால் பதிவையே முடக்கலாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

எங்கள் பெயரைத் தவிர வேறு எதைத் தேடி மக்கள் வருகிறார்கள் என்று பார்க்கக் கூகுளின் 'சர்ச் கன்சோல்' இருக்கிறது. அதுவும் இலவசம், 16 மாதக் கணக்கு வரை காட்டும். பிடிஎஃப்பில் இல்லாத உண்மையெல்லாம் அதில் கிடக்கிறது. இப்போது நான் ரிப்போர்ட்டைத் திறப்பதே திட்டுவதற்குத்தான்.

முதியோர் இல்ல நண்பருக்கு ஒரு தனிக் குறிப்பு. உங்கள் அறக்கட்டளை முறையாகப் பதிவானது என்றால், எங்களைப் போல் விளம்பரத்துக்குக் காசு கட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம். தொண்டு நிறுவனங்களுக்குக் கூகுள் 'ஆட் கிரான்ட்ஸ்' என்று மாதம் 10,000 டாலர் மதிப்பு வரை தேடல் விளம்பரம் தருகிறது, இந்தியாவிலும் உண்டு. பணமாகத் தராது, எழுத்து விளம்பரம் மட்டும்தான், காசு கட்டியவர்களின் விளம்பரத்துக்குக் கீழேதான் வரும். பள்ளி, ஆஸ்பத்திரிக்குக் கிடையாது. நிபந்தனைகளும் கறார்: பார்த்தவர்களில் 5 சதவீதம் பேராவது அழுத்த வேண்டும், ஒற்றைச் சொல் கீவேர்ட் பொதுவாகக் கூடாது. கவனித்தீர்களா, காசு கொடுக்காதவருக்குத்தான் அந்த நல்ல விதி! எங்களுக்கு அது இருந்திருந்தால் பாம்பன் பாலத்துக்கு நாங்கள் மொய் எழுதியிருக்க மாட்டோம். இந்தக் கணக்கைத் திறந்து கொடுக்கத் தெரிந்த ஏஜென்சியாகப் பாருங்கள். திறந்ததும் உங்கள் பெயரில் உங்களுக்கு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் சார்" என்றால் கிளம்பி வந்துவிடுங்கள்.

சரி, எங்கள் ஏஜென்சியைப் பரிந்துரைப்பேனா? மாட்டேன். ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்றால், இன்றைக்கு இரண்டு. தேதிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திருச்சியிலிருந்து ஒரு குடும்பம் நேராக அட்வான்ஸோடு வந்து நின்ற அன்று கேட்டிருந்தால் நாலரை சொல்லியிருப்பேன்.

ஆனால் புதுப்பித்துவிட்டோம். நேற்றுக் கமிட்டியில் செக் கையெழுத்தாகிவிட்டது. அந்தத் தம்பியைப் போல ராத்திரி பத்து மணிக்குத் தேதி மாற்றித் தர வேறு யார் கிடைப்பார் என்று மேனேஜர் கேட்டார், யாரிடமும் பதில் இல்லை. விளம்பர நிர்வாகத்தை மட்டும் பேக்கேஜிலிருந்து எடுத்துவிட்டோம், அதை இனி நானே பார்க்கிறேன். ரிப்போர்ட்டும் வேண்டாம், அதற்கான தொகையைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். ரிப்போர்ட் இலவசம் சார், கழிக்க ஒன்றுமில்லை என்றார்கள். ஐந்தாம் தேதி மறுபடி வரும்.