படுகொலைகளின் வரைபடம்: இரண்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் வரலாற்றாசிரியர் லிண்டல் ரையன் தலைமையில் உருவாகி, 2017-இல் முதன்முதலாக வெளியான இணைய வரைபடத்தை, வியாசர்பாடியில் நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பகத்தில் இரண்டு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். கட்டணம் இல்லை. 1788 முதல் 1930 வரை அங்கு நடந்த எல்லைப்புறப் படுகொலைகள், அதாவது வெள்ளையர் குடியேற்றம் பரவிய பகுதிகளில் நடந்த, பெரும்பாலும் பழங்குடி மக்கள் பலியான படுகொலைகள், அதில் புள்ளிகளாக இடப்பட்டுள்ளன. ஒரு புள்ளியைத் தொட்டால் நாள், கொல்லப்பட்டவர் தொகை, கொன்றவர் யார், ஆயுதம், ஆதார ஆவணம் ஆகியவை விரிகின்றன. சான்றின் வலுவை நட்சத்திரக் குறியால் காட்டுவது எனக்கு மிகவும் பிடித்த நேர்மை.

நாங்கள் முதலில் திறந்தது நியூ சவுத் வேல்ஸில் உள்ள மையால் கிரீக் என்ற இடத்தின் பதிவு. ஹென்றி டேங்கரின் மாட்டுப் பண்ணையில் அடைக்கலமாகத் தங்கியிருந்த விர்ரயராய் என்ற பழங்குடி மக்களில் குறைந்தது 28 பேரை, பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக இருந்தவர்களை, 1838 ஜூன் 10 அன்று கயிற்றில் பிணைத்து இழுத்துச் சென்று கொன்றார்கள். ஏன் கொன்றார்கள் என்று பிள்ளைகள் கேட்டார்கள். மந்தைகள் புல்லையும் நீர்நிலைகளையும் பிடித்துக்கொண்டதால் வேட்டையிழந்த மக்கள் மாடுகளை ஈட்டியால் வீழ்த்தியதையும், அதற்குப் பழிவாங்கப் பண்ணையாட்கள் துப்பாக்கியோடு குதிரையேறியதையும் விளக்கினேன். குற்றஞ்சாட்டப்பட்ட 11 பேரும் முதல் விசாரணையில் விடுதலையானார்கள். இரண்டாவது விசாரணைக்குப் பின் எழுவர் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த எழுவரும் கைதிகளாக நாடு கடத்தப்பட்டு வந்தவர்கள். முன்னின்று நடத்திய, நிலமுள்ள குடும்பத்துப் பிள்ளையான ஜான் ஃபிளெமிங் பிடிபடவே இல்லை. அதைக் கேட்ட மாணவி ஒருத்தி, 44 பேர் எரிந்த கீழ்வெண்மணியில் நிலக்கிழார்கள் 1973-இல் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானதை எடுத்துச் சொன்னாள். அன்று வகுப்பு ஒரு மணி நேரம் நீண்டது.

குறைகளும் உண்டு. ஒரே நிகழ்வில் ஆறு பேராவது கொல்லப்பட்டிருந்தால்தான் வரைபடம் அதைப் படுகொலை என்று பதிவு செய்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும் என்பது புரிந்தாலும், நீர்நிலையருகே இருவரும் மூவருமாகச் சுடப்பட்டவர்கள் இந்த வரைபடத்தில் இல்லாதவர்களாகி விடுகிறார்கள். இடங்களைத் துல்லியமாகக் காட்டாததை நான் குறையாகச் சொல்லமாட்டேன். அது அந்த மண்ணின் மக்களுடைய உணர்வுக்குத் தரப்படும் மரியாதை. எல்லாம் ஆங்கிலத்திலேயே இருப்பதுதான் எங்களுக்குப் பெரிய தடை. எனவே பிள்ளைகள் ஒவ்வொரு பதிவையும் ஒரு நோட்டில் தமிழில் எழுதி வருகிறார்கள். இதுவரை ஒன்பது பதிவுகள் முடிந்திருக்கின்றன.