முதல் வேலை: தருமபுரி நர்சிங் ஹோமா, ஓசூர் பெரிய மருத்துவமனையா?

தருமபுரிப் பக்கம் நர்சிங் முடித்து, தமிழ்நாட்டு நர்சிங் கவுன்சில் பதிவும் கைக்கு வந்துவிட்டால் பெரும்பாலும் இரண்டு வழிகள்தான் எதிரே நிற்கும். ஒன்று, வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரக்கூடிய முப்பது படுக்கை நர்சிங் ஹோம். மற்றொன்று, விடுதியில் தங்கி வேலை பார்க்கும் ஓசூர் பன்னோக்கு மருத்துவமனை. இரண்டிலிருந்தும் எனக்கு அழைப்பு வந்தது, ஓசூருக்குப் போனேன். தங்கை முறையுள்ள பெண்கள் கேட்டாலும் அதையேதான் சொல்கிறேன்.

சம்பளத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஓசூரில் சற்று அதிகம் தருவார்கள்; விடுதியும் சாப்பாடும் அதைத் தின்றுவிடும். ஐம்பது படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று மத்திய அரசு அமைத்த குழு 2016-இலேயே பரிந்துரைத்தது. அந்தத் தொகையை எங்கள் ஊர்ப் பணி நியமனக் கடிதங்களில் நான் பார்த்ததில்லை. பெங்களூரு இன்னும் கொஞ்சம் தூரம்தானே என்று தோன்றும். ஆனால் அங்கே கர்நாடக கவுன்சில் பதிவும் கேட்பார்கள். ஓசூருக்குத் தமிழ்நாட்டுப் பதிவே போதும்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது ஒன்றே ஒன்று: இரவுப் பணியில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? நான் பார்த்த நர்சிங் ஹோமில் இரவு ஒரு நர்ஸ், ஒரு ஆயா. டாக்டர் வீட்டில் இருப்பார், போன் செய்தால் வருவார். படித்து முடித்த கையோடு அந்த நாற்காலியில் உட்கார நான் தயாராக இல்லை.

ஓசூரில் ஆரம்ப நாள்களில், ஒரு நோயாளிக்குப் பொட்டாசியம் குளோரைடு எழுதியிருந்தார்கள். அதை நேரடியாக நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும்; சலைனில் கலந்து மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். பாடத்தில் படித்ததுதான். ஆனாலும் இன்சார்ஜ் அக்கா வந்து, மருந்துக் குப்பியின் பெயரை என்னையே உரக்கப் படிக்கச் சொன்னார். எத்தனை மில்லி, எந்த பாட்டிலில், என்ன வேகத்தில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மருந்து ஏற்றும் பம்ப்பில் நான் வைத்த எண்ணைத் தானும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஆபத்தான மருந்து என்றால் இரண்டு பேர் பார்ப்பது அங்கே வழக்கம். முதல் ஆண்டில் படியும் பழக்கம்தான் கடைசிவரை கையில் நிற்கும் என்று நம்புகிறேன். வென்டிலேட்டர், மானிட்டர் எல்லாம் பிறகுகூடக் கற்றுக்கொள்ளலாம்.

நர்சிங் ஹோமைக் குறைத்துச் சொல்லவில்லை. அங்கே சேர்ந்த என் தோழி பிரசவம், ஆபரேஷன் தியேட்டர், பாம்புக்கடி என்று எல்லாவற்றையும் பார்க்கிறாள். தொப்பூர் கணவாய் விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதலுதவி செய்து சேலத்துக்கு அனுப்பியிருக்கிறாள். கைக்குழந்தைக்கு நரம்பு கண்டுபிடித்து ஊசி ஏற்றுவதில் அவள் கை என்னுடையதைவிடத் தேர்ந்தது. வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் இருந்தால் நானும் அங்கேதான் சேர்ந்திருப்பேன். ஓசூரிலும் கட்டடம் மட்டும் பெரிதாக இருக்கும் இடங்கள் உண்டு.

அரசுப் பணியைப் பற்றி என்னால் அதிகம் சொல்ல முடியாது, எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி அந்த வழியில் போனவர்கள் சொல்லக் கேட்டதுதான். தொகுப்பூதியத்தில் சேர்ந்து, பணி நிரந்தரமாவதற்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்கிறார்கள். அதற்காகத் தேர்வை விட்டுவிடாதீர்கள். வேலை பார்த்துக்கொண்டே எழுதலாம்.

நேர்காணலில் அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொன்ன பிறகு நீங்களும் கேளுங்கள்: இரவில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள், புதிதாகச் சேர்பவரை எத்தனை நாள் சீனியரோடு போடுவீர்கள்? மழுப்பினால், இரவுப் பணிக்கு ஆள் மாறும் நேரத்தில் போய் வார்டைப் பாருங்கள், தெரிந்துவிடும். அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் கொடுங்கள், வைத்துக்கொள்ளக் கொடுக்காதீர்கள். இரண்டு ஆண்டு கழித்துத்தான் திருப்பித் தருவோம் என்று சொல்லும் இடத்தில், சம்பளம் எவ்வளவு சொன்னாலும் சேர வேண்டாம்.