பிட்யூட்டரி ஹார்மோன் டெஸ்ட்: காரைக்குடி லேபில் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது

மூளைக்கு அடியில் இருந்து மற்ற ஹார்மோன் சுரப்பிகளை ஆட்டிவைக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்காக, காரைக்குடி லேப் ஒன்று தரும் டெஸ்ட் பேக்கேஜ் இது. கார்டிசால் (சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோன்), ஏசிடிஎச் (அட்ரீனலைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்), டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்), ஃப்ரீ டி4 (தைராய்டு ஹார்மோன்), புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்), வளர்ச்சி ஹார்மோன் என்று பட்டியல் நீளம். டாக்டர் மருந்தை முடிவு செய்ய அத்தனையும் உதவாது.

கார்டிசாலைத் தாராளமாக இங்கே கொடுக்கலாம். காலை 8 மணிக்கும் 9-க்கும் இடையில் எடுக்கிறார்கள், எடுத்த நேரம் ரிப்போர்ட்டிலும் வருகிறது. நேரம் தெரியாத கார்டிசால் எண்ணால் பயனே இல்லை. காலை அளவு டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் குறைபாடு ஏறக்குறைய உறுதி. 15-ஐத் தாண்டினால் பெரும்பாலும் பயமில்லை. நடுவில் நின்றால் ஊசி போட்டுத் தூண்டிப் பார்க்க வேண்டும், அது ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியது. ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் காலை டோஸை எப்போது போடுவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டே வர வேண்டும். தானாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

புரோலாக்டினுக்கு அரை மணி நேரம் உட்கார வைத்த பிறகே ஊசி குத்துகிறார்கள், நல்ல பழக்கம். ஆனால் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பதில்லை. நெஞ்செரிச்சலுக்கு எல்லோரும் வாங்கிப் போடும் பான்டாபிரசோல்-டாம்பெரிடோன் கேப்சூலே புரோலாக்டினை ஏற்றிவிடும். அது தெரியாமல் எம்ஆர்ஐ வரை போகிறவர்கள் உண்டு. முடி கொட்டுவதற்குச் சாப்பிடும் பயோட்டினும் தைராய்டு எண்களைப் புரட்டிவிடும். 2, 3 நாள் முன்பே நிறுத்துங்கள்.

ஏசிடிஎச் மட்டும் இங்கே வேண்டவே வேண்டாம். ஊதா மூடி ட்யூபில் எடுத்து, உடனே ஐஸில் வைத்து, குளிர் சென்ட்ரிஃப்யூஜில் பிளாஸ்மாவைப் பிரித்து உறைய வைக்க வேண்டும். இங்கே ட்யூப் சும்மா ஸ்டாண்டில் நிற்கிறது, மாலை வண்டியில்தான் மதுரை போகிறது. அதற்குள் ஹார்மோன் சிதைந்து எண் குறைந்துவிடும். கார்டிசாலும் குறைவாக இருந்தால் கோளாறு பிட்யூட்டரியில் என்று ஆகிவிடும்; உண்மையில் அட்ரீனலில் இருக்கலாம். அட்ரீனல் கோளாறுக்குப் பெரும்பாலும் உடலில் உப்பைத் தக்கவைக்கும் ஃப்ளூட்ரோகார்டிசோன் மாத்திரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், பிட்யூட்டரிக்குத் தேவையில்லை. மருந்தே தப்பாகிவிடும். இதற்கு மதுரைக்கே நேரில் போய்க் கொடுங்கள்.

வளர்ச்சி ஹார்மோன் விட்டுவிட்டுச் சுரப்பது, ஒற்றை எண் வீண் செலவு. அதன் அளவை மறைமுகமாகக் காட்டும் ஐஜிஎஃப்-1 டெஸ்ட்டைக் கேளுங்கள்.

ஃப்ரீ டி4 சேர்த்திருப்பதுதான் இந்தப் பேக்கேஜின் பலம். பிரசவத்தில் ரத்தம் அதிகம் போய், பால் சுரக்காமல், மாதவிலக்கும் திரும்பாத பெண்களுக்கு டிஎஸ்எச் நார்மல் என்று வரலாம், ஃப்ரீ டி4 தான் காட்டிக்கொடுக்கும். அவர்களுக்குத் தைராய்டு மாத்திரை தொடங்கும் முன் கார்டிசால் பார்த்தாக வேண்டும். டிஎஸ்எச், ஃப்ரீ டி4, கார்டிசால் மூன்றையும் தனியாகக் கேட்டாலும் எடுத்துத் தருகிறார்கள்.