கனடா ஆர்க்டிக் மின் சார்ட்டுகள்: கேட்சாக் பார்க்காமல் நம்பாதீர்கள்

வடமேற்குக் கடல்வழியில் போகிற கப்பலுக்குக் கனடா நீர்வரைவியல் சேவையின் மின் சார்ட்டுகளை விட்டால் வேறு கதியில்லை. தரம் எப்படி என்றால், ஒரே சார்ட்டுக்குள் முதல் தரமும் கடைசித் தரமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. எந்த இடத்தின் அளவீட்டை எவ்வளவு நம்பலாம் என்று சார்ட்டிலேயே சொல்லும் தரக் குறியீடுதான் கேட்சாக்.

கடலடியை ஒலியால் அகலமாக அளக்கும் மல்டிபீம் சோனாரால் அளந்த பாதைகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதைத் தாண்டினால், ஏதோ ஒரு கப்பல் பல பத்தாண்டுகளுக்கு முன் போகிற போக்கில் எடுத்த ஒற்றை வரி ஆழங்கள்தான். ஆழ எண்கள் கட்டம் போட்டதுபோல் சம இடைவெளியில் நின்றால் இன்னும் உஷாராகுங்கள். அவை பெரும்பாலும் கடல் உறைந்திருந்தபோது பனிமேல் ஹெலிகாப்டரில் இறங்கிப் புள்ளி புள்ளியாக எடுத்தவை. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே என்ன இருக்கிறது என்பது அளந்தவருக்கே தெரியாது.

மின் சார்ட்டைக் காட்டும் கப்பல் கருவியான எக்டிஸின் திரையோ எல்லாவற்றையும் ஒரே பளபளப்பில் காட்டும். முதல் வேலையாகக் கேட்சாக் அடுக்கைப் போடுங்கள். ஆறு நட்சத்திரம் என்றால் ஏ1, மூன்று என்றால் சி, இரண்டு என்றால் டி. 'யு' என்றால் மதிப்பிடவே இல்லை. சி பகுதியில் இடப்பிழை 500 மீட்டர், ஆழப்பிழை 2 மீட்டரும் ஆழத்தில் 5 சதவீதமும். 40 மீட்டர் என்று போட்டிருந்தால் 36 ஆகவும் இருக்கலாம். அதைவிடப் பெரிய வினை, சார்ட்டில் ஏறாத கடலடித் திட்டு அங்கே இருக்கலாம் என்பது. குறித்திருக்கும் திட்டுக்கும் முதலில் 500 மீட்டர் வட்டம் போட்டுவிட்டு, அதற்கு வெளியேதான் கப்பலுக்கான இடைவெளியைக் கணக்கிட வேண்டும்.

சேஃப்டி கான்டூரை, அதாவது கப்பல் தாண்டக் கூடாத ஆழ எல்லைக் கோட்டை, 12 மீட்டர் என்று வைத்தாலும், அந்தக் கோடு சார்ட்டில் இல்லையென்றால் எக்டிஸ் அடுத்த ஆழக் கோட்டுக்கு, 20க்கோ 30க்கோ, தாவிவிடும். அலாரம் ஓயாமல் அடிக்கும். தொல்லை தாங்காமல் எண்ணைக் குறைக்கிறவர்கள் உண்டு. அது அலாரத்தைத்தான் நிறுத்தும். கரை தெரிந்ததும் ரேடார் ஓவர்லே போட்டு, அதாவது ரேடார் படத்தைச் சார்ட்டின் மேல் வைத்துப் பாருங்கள். பொருந்தாவிட்டால் ஜிபிஎஸ்ஸைச் சந்தேகிக்கும் முன் பழைய சார்ட்டைச் சந்தேகியுங்கள். அங்கே கரையிலிருந்து ரேடாரில் எடுத்த தூரமும் பேரிங்கும் (திசைக்கோணம்)தான் துணை.

திட்டமிட்ட பாதையை எக்டிஸ் தானே சோதிக்கும் ரூட் செக் பச்சை காட்டியது என்று நிம்மதியடைய வேண்டாம். சார்ட்டில் இல்லாததை அது எப்படிக் கண்டுபிடிக்கும்? 2010 ஆகஸ்ட் 27 அன்று கொரனேஷன் வளைகுடாவில் 'கிளிப்பர் அட்வென்ச்சரர்' என்ற பயணிகள் கப்பல் ஏறிய திட்டு 2007லேயே கண்டறியப்பட்டது. எச்சரிக்கையும் வந்திருந்தது. சார்ட்டில் மட்டும் ஏறவில்லை, கப்பலில் இருந்தவர்கள் எச்சரிக்கையைக் கேட்டு வாங்கவும் இல்லை. 1965இல் எடுத்த ஒற்றை ஆழ வரியை நம்பி ஏறக்குறைய 14 நாட் வேகத்தில் போனார்கள். முன்நோக்கு சோனாரும் பழுது. 128 பயணிகளைக் கடலோரக் காவல்படையின் 'அமுண்ட்சன்' வந்து இறக்கியது.

எனவே சார்ட் அப்டேட்டோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். நடப்பில் உள்ள நேவ்வார்ன் (கடற்பயண எச்சரிக்கை) பட்டியல் முழுவதையும் புறப்படும் முன் எடுத்து, ஒவ்வொன்றையும் எக்டிஸின் மேனுவல் அப்டேட்டில் கையால் குறிக்க வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் இந்தச் சேவையின் பெரிய ஓட்டையை அடைக்க வேறு வழியில்லை.

பனி நிலவரம் இந்தச் சார்ட்டுகளில் இல்லை. அதற்குக் கனடா பனிச் சேவையின் வரைபடம் தனியாக வேண்டும். இரண்டையும் சேர்த்தே படிக்கவும். நன்றாக அளந்த பாதையைப் பனி அடைத்துவிட்டால் கப்பல் ஒதுங்குவது அளக்காத பக்கமாகத்தான் இருக்கும். எந்தப் பக்கம் ஒதுங்கலாம், எந்த வேகத்தில் என்பதைப் பயணத் திட்டத்திலேயே கேட்சாக் பார்த்து முடிவு செய்துவிடுங்கள்.