கீயை அழுத்தினால் காணாமல் போகும் ஒரு வோல்ட்: ரிக்கின் பவர் கேபிளை மாற்றிய அனுபவம்

ஹாம் ரேடியோவில் பேசவும் கேட்கவும் வைத்திருக்கும் கருவிதான் ரிக். ரிசீவில், அதாவது கேட்கும் நிலையில் இருக்கும்வரை அதன் மீட்டர் 13.8 வோல்ட் காட்டும். முழு பவரில் சிக்னல் அனுப்பக் கீயை அழுத்தியதும் 12.7-க்கு இறங்கிவிடும். பவர் சப்ளையின் டெர்மினலில் வைத்துப் பார்த்தால் அங்கே 13.8 அப்படியே இருக்கும். நடுவில் போகும் அந்த 1.1 வோல்ட்டைக் கண்டுபிடித்துக் குறைத்துச் சில வருடங்கள் ஆகின்றன. அந்த ஏற்பாடு இன்றுவரை எப்படி உழைக்கிறது என்று எழுதுகிறேன்.

100 வாட் எச்.எஃப் (சிற்றலை) ரிக் டிரான்ஸ்மிட்டில் 20 ஆம்பியர் வரை சாதாரணமாக இழுக்கும். அவ்வளவு கரண்ட்டுக்கு மில்லி ஓம்கூடக் கணக்கில் வரும். 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் என்றால் மீட்டருக்குச் சுமார் 7 மில்லி ஓம். சப்ளை 3 மீட்டர் தள்ளி இருந்தால், கரண்ட் போய் வர 6 மீட்டர். திரும்பி வரும் நெகட்டிவ் வயரைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. 42 மில்லி ஓம், 20 ஆம்பியர்: 0.84 வோல்ட். கிட்டத்தட்ட 17 வாட் கேபிளைச் சூடாக்கவே போகிறது.

வயர் கணக்கு 0.84-உடன் முடிகிறது, மீதி கால் வோல்ட் இணைப்புகளில் இருந்தது. அதைப் பிடிக்க ஒரு மல்டிமீட்டரும், ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டிப் பவரைச் சூடாக்கித் தீர்க்கும் டம்மி லோடும் போதும். ரிக்கை டம்மி லோடில் போட்டு, சி.டபிள்யூவில் (மோர்ஸ் மோடு) முழு கேரியர், அதாவது ஏற்ற இறக்கம் இல்லாத சிக்னல், விட வேண்டும். எஸ்.எஸ்.பி என்ற குரல் மோடில் பேசிக்கொண்டே அளந்தால் பயனில்லை. பேச்சின் உச்சங்களை மீட்டரால் பின்தொடர முடியாது. மீட்டரை மில்லிவோல்ட் ரேஞ்சில் வைத்து, ஒரு முனையைச் சப்ளை டெர்மினலிலும் மறு முனையை ஃப்யூஸ் ஹோல்டரின் நுழைவிலும் வையுங்கள். அடுத்து ஃப்யூஸின் இரு பக்கம், பிறகு கனெக்டரின் இரு பக்கம் என்று ரிக் வரை நகர்ந்து வாருங்கள். நெகட்டிவ் பக்கமும் இதே மாதிரி. எல்லாவற்றையும் கூட்டினால் மொத்த இழப்பு வந்தாக வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு இணைப்பு விட்டுப்போயிருக்கிறது.

எனக்கு அதிகம் காட்டியது பழைய கண்ணாடிக் குழாய் ஃப்யூஸ் ஹோல்டர். அதில் மட்டும் 120 மில்லிவோல்ட். திறந்து பார்த்தால் ஸ்பிரிங் கருத்து, அதைத் தொட்டிருந்த பிளாஸ்டிக் பழுப்பேறி இருந்தது. அதை எடுத்துவிட்டு பிளேடு ஃப்யூஸ் ஹோல்டர் போட்டேன். சப்ளையை ரிக்குக்குப் பக்கத்தில் நகர்த்திக் கேபிளைப் பாதியாக்கினேன். வயரை 6 ஸ்கொயர் எம்எம் ஆக்கினேன். இப்போது கேபிளில் 0.17 வோல்ட், இணைப்புகளையும் சேர்த்தால் 0.3-க்குள். செலவே இல்லாமல் அதிகப் பலன் தந்தது நீளத்தைக் குறைத்ததுதான்.

ரிசீவில் எந்த வித்தியாசமும் தெரியாது. அங்கே இழுப்பதே ஓரிரண்டு ஆம்பியர்தான். டிரான்ஸ்மிட்டில் தெரிகிறது. எஃப்.டி 8 என்ற டிஜிட்டல் மோடு மாதிரி கேரியர் தொடர்ந்து போகும் மோடுகளில் ரொம்ப நேரம் ஓட்டினாலும் கேபிளைத் தொட்டால் சூடே இல்லை. வோல்டேஜ் இறங்கினால் கடைசிக் கட்டத்தில் பவரைப் பெருக்கும் ஃபைனல் டிரான்சிஸ்டர்களுக்கு இடம் போதாமல் பேச்சின் உச்சங்கள் நசுங்கும், சிக்னல் பக்கத்து அலைவரிசைகளில் பரவும். நம் கேபிள் மெல்லியதாக இருப்பதற்காகப் பக்கத்து அலைவரிசையில் கியூ.எஸ்.ஓ (ரேடியோ உரையாடல்) செய்பவர் கஷ்டப்படக் கூடாது என்பதாலேயே இந்த வேலை செய்யத் தக்கது.

வயர் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். செம்பு முலாம் பூசிய அலுமினிய வயர் பார்க்கத் தடிமனாகவே இருக்கும். ஆனால் அதே அளவு செம்பைவிட ரெசிஸ்டன்ஸ் சுமார் ஒன்றரை மடங்கு. ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை என்றால் அலுமினியம். மேலே வெள்ளை, உள்ளே செம்பு என்றால் வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு.

வருடங்கள் ஓடிய பிறகும் வயர் அப்படியேதான் இருக்கிறது; மாறுவது இணைப்புகள். சரியான கருவியால் கிரிம்ப் செய்த (நசுக்கிப் பிடிக்கவைத்த) ஆண்டர்சன் பவர்போல் கனெக்டர் இன்றும் அதே மில்லிவோல்ட்டைக் காட்டுகிறது. நெகட்டிவ் பக்க லக் (வயர் முனையில் அடிக்கும் உலோகத் துண்டு) ஒன்று மட்டும் மெல்ல ஏறி 40 மில்லிவோல்ட்டைத் தொட்டது. உறையை விலக்கினால் இழைகளில் பச்சை பிடித்திருந்தது. பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டி, புது லக் அடித்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி இறுகும் உறை) போட்டேன், அப்புறம் ஏறவில்லை. ஸ்க்ரூ டெர்மினலுக்குப் போகும் முனையில் சோல்டர் வைக்காதீர்கள். அழுத்தத்தில் சோல்டர் மெல்ல நகர்ந்து கொடுக்கும், பிடி தளரும்.

சப்ளையைக் கொஞ்சம் ஏற்றி வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலான ரிக்குகள் 13.8-க்கு மேலும் கீழும் 15 சதவீதம் தாங்கும் என்பதால் ரிக்குக்கு ஆபத்தில்லைதான். ஆனால் சூடாகும் இணைப்பு அதே இடத்தில் சூடாகிக்கொண்டே இருக்கும், மீட்டரில் மட்டும் தெரியாது.

பேட்டரியில் ஓட்டும்போது இந்த விஷயம் இன்னும் கறார். முழு சார்ஜ் ஏறிய லெட் ஆசிட் பேட்டரியே ஓய்வில் 12.7 வோல்ட்தான், லோடு வந்ததும் இன்னும் இறங்கும். அதில் கேபிளும் ஒரு வோல்ட்டைத் தின்றால், ரிக்கின் கீழ் எல்லையான 11.7-க்கே வந்துவிடுவோம், சில ரிக்குகள் பேச்சின் நடுவில் அணைந்து எழும். அதனால் வெளியில் போகும்போது பேட்டரியை ரிக்கின் காலடியிலேயே வைக்கிறேன். பாசிட்டிவ் ஃப்யூஸ் பேட்டரி டெர்மினலை ஒட்டியே இருக்கட்டும். கேபிள் தடித்துவிட்டது என்பதற்காக ஃப்யூஸைப் பெரிதாக்க வேண்டாம், ரிக்கின் மேனுவலில் சொன்ன அளவே போதும்.